டிரெஸ்டன் அலமாரி நம் கைக்கு வந்தால்: ஓர் இணையக் கைப்படிச் சேவையின் நிறைகுறைகள்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மாநில நூலகம், தன்னிடம் உள்ள 18ஆம் நூற்றாண்டு அரசவை இசைக் கைப்படிகளை (கையெழுத்துப் பிரதிகளை) ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வேண்டிய கைப்படியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், முழுவதையும் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இன்னும் அச்சேறாத, யாரும் ஒலிப்பதிவு செய்யாத பாரோக் கால (ஏறத்தாழ 1600–1750) வயலின் கான்செர்ட்டோக்களும் (தனி வயலினும் குழுவும் சேர்ந்தும் மாறியும் வாசிக்கும் படைப்புகள்) அதற்குள் இருக்கின்றன. பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ தென்காசியிலோ இருக்கும் ஒரு வயலின்காரர் இந்தச் சேவையை மட்டும் நம்பி ஒரு கான்செர்ட்டோவைத் தேடியெடுத்து, படியெடுத்து, ஒலிப்பதிவு வரை கொண்டுபோக முடியுமா? முடியும். வழியில் எங்கெங்கே கால் இடறும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் இந்தச் சேகரிப்பின் தன்மை. டிரெஸ்டன் அரசவை வாத்தியக் குழு அந்தக் காலத்து ஐரோப்பாவில் பெரும்பெயர் பெற்றது. அதன் முதல் வயலின்காரர் யோஹான் கியோர்க் பிசெண்டெல் (1687–1755). இவர் 1716–17இல் வெனிஸ் போய் இசையமைப்பாளர் விவால்டியிடம் பழகினார். விவால்டி தன் கைப்பட எழுதி இவருக்கென்றே கொடுத்த கான்செர்ட்டோக்களும் உண்டு. பிசெண்டெல் கிடைத்ததையெல்லாம் படியெடுத்தார், படியெடுக்க வைத்தார். அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பு அரசவைக்குப் போனது. ரசனை மாறியது, ஏழாண்டுப் போருக்குப் பிறகு பழைய வாத்திய இசையையெல்லாம் கட்டிக் கத்தோலிக்க அரசவை ஆலயத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். அந்த அலமாரிக்கு எண் 2. ஒவ்வொரு கட்டின் மேலுறையிலும் அலமாரி எண், தட்டு, அடுக்கு, வரிசை எண் எல்லாம் அழகாக எழுதி ஒட்டியிருப்பதை இன்றும் ஸ்கேனில் பார்க்கலாம். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதைப் பொருட்படுத்தியவர்கள் மிகக் குறைவு. மொத்தம் 1700க்கும் மேற்பட்ட கைப்படிகள்.

விவால்டியின் சொந்தச் சேகரிப்பு வேறு. அது 1926இல் வட இத்தாலியில் ஒரு சலேசியர் கல்லூரியிலிருந்து வெளிப்பட்டு, பின் இரண்டு தவணையாக நன்கொடையாளர்கள் பணத்தில் வாங்கப்பட்டு, இன்று டூரின் தேசிய நூலகத்தில் 27 தொகுதிகளாக இருக்கிறது. டூரினில் இருப்பது இயற்றியவரின் ஸ்கோர் (எல்லா வாத்தியப் பாகங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் பிரதி). டிரெஸ்டனில் பெரும்பாலும் இருப்பது வாசித்தவர்களின் தாள்கள்: முதல் வயலினுக்கு இரண்டு மூன்று படிகள், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, பாஸ், அதற்கு மேல் பிசெண்டெல் தன் குழுவுக்காகச் சேர்த்த ஓபோ, பஸ்ஸூன் பாகங்கள். எந்த இடத்தில் குழு முழுதும் வாசித்தது, எந்த இடத்தில் ஆளைக் குறைத்தது, எங்கே மெல்ல வாசித்தது என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது. ஒரு பாடல் எப்படி இயற்றப்பட்டது என்பதோடு எப்படிக் கையாளப்பட்டது என்பதும் தெரிகிறது. இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு இதுதான் என்பது எங்கள் கருத்து. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அச்சிட்டபோது வெறும் ஸ்வரத்தோடு நிற்காமல் கமகக் குறிகளையும் சேர்த்தே பதிப்பித்தார். அந்த உழைப்பின் அருமை தெரிந்தவர்களுக்கு, டிரெஸ்டன் தாள்களில் ஓரத்தில் கிடக்கும் சின்னஞ்சிறு குறிகள் ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் அரசவை வித்வானாக இருந்ததும் அதே எட்டயபுரத்தில்தான்.

தேடும் வசதியைப் பொறுத்தவரை நூலகத்தின் சொந்தத் தளம் சுமார்தான். பக்கங்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பட்டியல் குறிப்புகள் பல ஜெர்மனிலேயே இருக்கும். மெட்டை வைத்துத் தேட வழியில்லை. ஆகவே ரிஸ்ம் என்ற சர்வதேச இசைக் கைப்படிப் பட்டியலில் தொடங்குவதே நல்லது. 1952இல் தொடங்கிய நிறுவனம். பட்டியல் 2010 முதல் இணையத்தில் இலவசம். அதில் இயற்றியவர் பெயர், வாத்தியம், நூலகம் என்று வடிகட்டலாம். முதல் சில ஸ்வரங்களைத் தட்டச்சு செய்து அதே தொடக்கம் வேறெந்தக் கைப்படியில் இருக்கிறது என்றும் பார்க்கலாம். கைப்படியின் அடையாள எண் கிடைத்ததும் டிரெஸ்டன் தளத்துக்குப் போனால் நேரே அந்தக் கட்டு திறக்கும்.

அந்த அடையாள எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதித் தேடல் மிச்சம். முதலில் வரும் நான்கு இலக்கம் இயற்றியவரைக் குறிக்கும்: 2389 விவால்டி, 2421 பிசெண்டெல், 2392 டெலிமான், 2398 ஹைனிஷன். நடுவில் வரும் எழுத்து வகையைக் குறிக்கும்: ஓ என்றால் கான்செர்ட்டோ, ஆர் என்றால் தனி சொனாட்டா. கடைசி எண் வரிசை. இது தெரிந்தால் விவால்டியின் கான்செர்ட்டோக்களை மட்டும் அடுத்தடுத்து திறந்து பார்த்துக்கொண்டே போகலாம்.

எதை எடுப்பது? விவால்டியின் வயலின் கான்செர்ட்டோக்கள் மட்டும் இருநூறுக்கு மேல். அவற்றில் பெரும்பகுதிக்கு இன்று நல்ல ஒலிப்பதிவு உண்டு. பிரெஞ்சு நிறுவனமான நயீவ் டூரின் சேகரிப்பைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகிறது. தார்த்தினியின் நூற்றுக்கும் மேற்பட்ட கான்செர்ட்டோக்களையும் தொடராகப் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். ஹைனிஷனின் டிரெஸ்டன் கான்செர்ட்டோக்களை 1990களில் ரைன்ஹார்ட் கேபலின் குழு பதிவு செய்தபோதுதான் இந்த அலமாரியின் பக்கம் பலர் திரும்பினார்கள். ஆகையால் புதிதாக எதையாவது ஒலிக்க வைக்க விரும்புகிறவர் பெரிய பெயர்களை விட்டுவிட்டு, பிசெண்டெலின் மாணவர் யோஹான் கோட்லீப் கிரவுன், ரோமாபுரியின் மொந்தனாரி போன்றவர்கள் பக்கமும், இன்னார் என்றே தெரியாத கான்செர்ட்டோக்கள் பக்கமும் போகலாம். இயற்றியவர் பெயரில்லாத கட்டுகள் இந்த அலமாரியில் நிறைய. முதல் முயற்சிக்கு நாங்கள் பரிந்துரைப்பது: நான்கு வாத்தியப் பாகமும் பாஸும் மட்டும் உள்ளது, கொம்பு வாத்தியம் இல்லாதது, டி மேஜர் அல்லது ஜி மேஜரில் உள்ளது, எல்லாப் பாகமும் குறையில்லாமல் இருப்பது. கடைசி நிபந்தனை மிக முக்கியம். தனி வயலின் பாகம் இருந்து இரண்டாம் வயலின் தொலைந்துபோன கட்டுகளைத் தொடாதீர்கள்; தொலைந்ததை நீங்களே இயற்ற வேண்டியிருக்கும்.

ஸ்கேனின் தரம் நன்று. வண்ணத்தில் இருப்பதால் பின்பக்கத்து மை ஊறி முன்பக்கம் தெரியும் இடங்களை நிறத்தை வைத்தே பிரித்தறியலாம். பழைய இரும்பு மை காகிதத்தை அரித்த இடங்களில் இது பெரிய உதவி. கறுப்பு வெள்ளையாக அச்சிட்டால் இந்த நன்மை போய்விடும்: பின்பக்கத்து ஸ்வரமும் முன்பக்கத்து ஸ்வரமும் ஒரே கறுப்பாக விழுந்து, இல்லாத ஸ்வரத்தை இருப்பதாகப் படிப்பீர்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து மலிவாக எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். திரையில் படியுங்கள், அல்லது சந்தேகமான பக்கங்களை மட்டும் வண்ணத்தில் எடுங்கள். 1945இல் குண்டு வீச்சின்போது, நூலகம் அப்போது இருந்த ‘ஜப்பானிய அரண்மனை’ என்ற டிரெஸ்டன் கட்டடத்தின் நிலவறையில் தண்ணீர் புகுந்து டிரெஸ்டன் கைப்படிகள் பல நனைந்தன. அப்படிப்பட்ட கட்டுகளில் மை கரைந்து ஸ்வரத் தலைகள் நிழலாக நிற்கும். அவற்றைப் பழகியபின் எடுத்துக்கொள்ளலாம்.

குறை என்று சொல்வதானால், ஒரு கட்டில் உள்ள எல்லாப் பாகமும் ஒரே கோப்பாக வரும். எந்தப் பக்கத்தில் வியோலா தொடங்குகிறது என்று நீங்களே புரட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பும் கனமானது. மொபைல் டேட்டாவில் இறக்குவதைவிட வைஃபை உள்ள இடத்தில் இறக்குவது நல்லது.

இனி படியெடுப்பு. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும். பாகம் பாகமாக உள்ளிடுங்கள், உள்ளிடும்போது திருத்தாதீர்கள். கைப்படியில் இருப்பது தப்பாகத் தெரிந்தாலும் அப்படியே போட்டு நிறமிட்டு வையுங்கள். ஐந்து பாகமும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் எது தப்பு என்று நிச்சயமாகத் தெரியும். அவசரப்பட்டு முதல் பாகத்தைத் திருத்தினால், சரியாக இருந்ததைக் கெடுத்துவிட்டு மற்ற நான்கையும் அதற்கேற்பக் கெடுக்க நேரும்.

பழைய எழுத்துமுறையில் இடறும் இடங்கள் சில உண்டு. பொறுமையாகச் சொல்ல வேண்டியவை இவைதான்.

இன்றைய முறையில் ஒரு ஷார்ப் (அரை ஸ்வரம் உயர்த்துவது) அல்லது ஃப்ளாட் (அரை ஸ்வரம் இறக்குவது) குறி போட்டால் அந்த பார் (இரண்டு நெடுங்கோடுகளுக்கு இடைப்பட்ட தாள அளவு) முடியும் வரை அது செல்லும். அன்று அப்படியில்லை. குறி அந்த ஒரு ஸ்வரத்துக்கே. அதே ஸ்வரம் இடைவிடாமல் அடுத்தடுத்து வந்தால் மட்டும் நீடிக்கும். நடுவில் வேறு ஸ்வரம் வந்தால் மறுபடி குறி போட்டிருப்பார்கள், அல்லது போட மறந்திருப்பார்கள். மியூஸ்ஸ்கோர் பார் முழுவதும் குறியைக் கொண்டுபோகும் என்பதால், கைப்படியைப் பார்த்து அப்படியே தட்டினால் எழுதாத ஷார்ப்கள் உள்ளே நுழைந்துவிடும். குறியில்லாத ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நேச்சுரல் (அந்தக் குறிகளை நீக்கும் குறி) தேவையா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். சில படியெழுத்தாளர்கள் நேச்சுரல் குறிக்குப் பதிலாக, ஷார்ப்பை நீக்க ஃப்ளாட் குறியையும், ஃப்ளாட்டை நீக்க ஷார்ப் குறியையும் போடுவார்கள். அதையும் நினைவில் வையுங்கள்.

வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃப்ளாட் குறிகளும் இன்றைய கணக்கில் ஒன்று குறைவாக இருக்கலாம். ஜி மைனருக்கு ஒரே ஒரு ஃப்ளாட், சி மைனருக்கு இரண்டு. விட்டுப்போன ஃப்ளாட்டை உள்ளே தேவையான இடங்களில் கையால் போட்டிருப்பார்கள். ஆகவே தொடக்கக் குறியை மட்டும் பார்த்து இது இன்ன மேஜர், இன்ன மைனர் என்று முடிவு கட்ட வேண்டாம். கடைசி பாரின் பாஸ் ஸ்வரத்தைப் பாருங்கள்.

தனி வயலின் வாசிக்கும் இடங்களில் பாஸ் ஓய்ந்துபோய், வயலின்களோ வியோலாவோ அடிநாதம் பிடிப்பது விவால்டி பாணியில் சர்வசாதாரணம். அந்த இடத்தில் வயலின் தாளிலேயே திடீரென்று பாஸ் கிளெஃப் (கீழ் ஸ்வரங்களுக்கான வரிக்குறி) வரும். எழுதியபடி வாசித்தால் வயலினில் அந்த ஸ்வரமே கிடையாது. ஓர் எட்டு ஸ்வரம் (ஒரு ஸ்தாயி) மேலே வாசிக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். உள்ளிடும்போது ட்ரெபிள் கிளெஃபில் மேல் ஸ்தாயியில் போட்டுவிடுங்கள்.

சுருக்கெழுத்துகள்: அரை அளவு நீளமுள்ள ஸ்வரத்தின் (ஹாஃப் நோட்) காம்பில் ஒரு கோடு வெட்டியிருந்தால் நான்கு எட்டில்-ஒன்று ஸ்வரங்கள், இரண்டு கோடு என்றால் எட்டு பதினாறில்-ஒன்று. வரியின் கடைசியில் நெளிந்த சிறு குறி ஒன்று நிற்கும். அது அடுத்த வரியின் முதல் ஸ்வரம் எங்கே என்று முன்கூட்டிச் சொல்வது. இதை அலட்சியம் செய்யாதீர்கள். நெளிகுறி ஒரு ஸ்வரத்தையும் அடுத்த வரி வேறு ஸ்வரத்தையும் காட்டினால், படியெழுத்தாளர் அந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார் என்று பொருள். சுற்றியுள்ள நான்கைந்து பார்களைக் கூர்ந்து பாருங்கள்.

சரிபார்ப்பதற்கு முதல் சோதனை எண்ணிக்கை. ஒவ்வொரு அங்கத்திலும் (கான்செர்ட்டோவின் தனித்தனிப் பகுதி) எல்லாப் பாகத்தின் பார் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பாகத்தில் ஒன்று குறைந்தால், முதலில் தேட வேண்டியது நீண்ட ஓய்வுகள் இருக்கும் இடம். பன்னிரண்டு பார் ஓய்வைப் பதினொன்றாக எழுதியிருப்பார்கள். அடுத்து தேட வேண்டியது ஒரே வடிவம் மூன்று நான்கு முறை திரும்பும் இடம். எழுதுகிறவரின் கண் ஒன்றைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டாவது சோதனை இன்னும் எளிது. குழு முழுதும் வாசிக்கும் பகுதிகளில் தனி வயலின்காரர் முதல் வயலினோடு சேர்ந்தே வாசிப்பார். அங்கே இரண்டு தாளையும் ஒப்பிட்டால் இரண்டில் எதிலுள்ள பிழையும் தானாக வெளிப்படும். முதல் வயலினுக்கு இரண்டு படி இருந்தால் மூன்று சாட்சிகள். ஓபோ பாகத்தையும் சாட்சிக்கு அழைக்கலாம், ஆனால் ஓபோ நடு சி ஸ்வரத்துக்குக் கீழே போகாது; அதற்காக மாற்றி எழுதிய இடங்களைப் பிழை என்று எண்ணிவிடக் கூடாது.

டூரினில் விவால்டியின் கையெழுத்து ஸ்கோரும் டிரெஸ்டனில் பாகங்களும் இருக்கும் கான்செர்ட்டோ என்றால், இரண்டையும் கலந்து ஒன்றாக்காதீர்கள். பிசெண்டெல் தன் குழுவுக்கேற்ப மாற்றியிருப்பார். அவருடைய மாற்றங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியவை. ஒரு வழியை எடுத்து அதிலேயே நில்லுங்கள். மெதுவான அங்கங்களில் அவர் எழுதிவைத்த அலங்காரங்கள் கிடைத்தால் அது பெரும் பேறு. வெறும் நீண்ட ஸ்வரங்களாக எழுதியதை அன்று எப்படி விரித்து வாசித்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டாம்.

கர்நாடக வயலின்காரருக்குச் சில வார்த்தைகள். டிரெஸ்டன் குழுவின் சுருதி இன்றைய 440 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ அரை ஸ்வரம் கீழே, 415 என்று வைத்து இன்று வாசிக்கிறார்கள். ஐந்து கட்டையில் (ஜி ஸ்வரம்) ச-ப-ச-ப வைத்திருக்கும் வயலினை இதற்குக் கொண்டுவர, தடித்த இரண்டு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கி, மெல்லிய இரண்டையும் அரை ஸ்வரம் ஏற்றினால் போதும். இதனால் கம்பிக்கும் ஆபத்தில்லை, கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கும் (பிரிட்ஜ்) ஆபத்தில்லை. மேற்கத்திய முறையில் 440இல் இருக்கும் வயலினை 415க்கு இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். வில்லை அழுத்துகிற கை அதற்கேற்பத் தளர வேண்டும், இல்லையேல் ஒலி நசுங்கும். வில்லை அடிக்கட்டையிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளிப் பிடித்தால் பாரோக் வில்லின் லேசான தன்மை ஓரளவு கிடைக்கும். நம் ச-ப-ச-ப அமைப்புக்கே எழுதிய இசையும் அந்தக் காலத்தில் உண்டு: இசையமைப்பாளர் பீபரின் ஜெபமாலை சொனாட்டாக்களில் இரண்டாவது ஏ-இ-ஏ-இ என்று கம்பிகளைக் கூட்டச் சொல்கிறது.

ஸ்டாஃப் நோட்டேஷன் பழக்கமில்லாதவருக்கு ஸ்வரமாக எழுதிக் கொடுக்கலாம். அப்போது ஸட்ஜத்தை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். டி மேஜர் கான்செர்ட்டோவில் டி தான் ஸட்ஜம், அங்கம் முடியும் வரை. நடுவில் ஏ மேஜருக்குத் தாவும்போது பிரதி மத்யமம் வரும். கல்யாணி என்று எண்ணி அசைவு கொடுத்தால் கெட்டது. முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்களை எப்படி அசைவில்லாமல் நேராகப் பிடிக்கிறோமோ அப்படித்தான் இதையும் பிடிக்க வேண்டும். ட்ரில் குறி வந்தால் மேல் ஸ்வரத்திலிருந்து தொடங்க வேண்டும். தரையில் அமர்ந்து வயலின் தலையைக் கணுக்காலில் வைத்து வாசிப்பது இடக்கைக்கு நல்லதே. மேல் ஸ்தாயிக்குப் போய் வருவது சுலபம். வலக்கைக்குத்தான் சிரமம். வேகமான பதினாறில்-ஒன்று ஸ்வரங்களைத் தனித்தனி வில்லில் கம்பி தாண்டி வாசிக்க முழங்கைக்கு இடம் வேண்டும். அந்த அங்கங்களை நாற்காலியில் அமர்ந்து பழகுவது நல்லது.

நரம்புக் கம்பி வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நம் ஊருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்போம். ஆடிக் காற்றில் காய்ந்தும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்தும் சுருதி நிலைகொள்ளாமல் நகரும். மெல்லிய இ கம்பி வியர்வைக் கையில் நார் நாராகப் பிரிந்து அறும். ஆர்வம் மிகுந்தவர்கள் ஏ, டி இரண்டை மட்டும் நரம்பில் போட்டுப் பார்க்கலாம். புதுக் கம்பி இழுபட்டு நிலைக்கப் பல நாள் ஆகும், ஆகவே பதிவுக்கு முந்தின நாள் மாற்றக் கூடாது. பிரிந்த நாரை இழுக்காமல் நகவெட்டியால் ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

குழு சேர்ப்பது நெல்லைச் சீமையில் நினைப்பதைவிட எளிது, ஏனெனில் ஆலயக் கொயர்களில் நோட்டேஷன் படிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பாகத்துக்கு ஒருவர் போதும். வியோலா கிடைப்பது அரிது. அந்தப் பாகத்தை வயலினில் வாசித்தால் ஜி-க்குக் கீழே உள்ள ஸ்வரங்களை மட்டும் ஓர் எட்டு மேலே தூக்க வேண்டும். தூக்கிய ஸ்வரம் இரண்டாம் வயலினுக்கு மேலே போகிறதா என்று பாருங்கள். போனால் அதே கார்டில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்தில்) வேறு ஸ்வரம் கொடுங்கள். செல்லோ இல்லாத இடத்தில் பேஸ் கிட்டார் கை கொடுக்கும். எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கி, விரல் நுனியால் மெல்ல வாசிக்க வேண்டும். அது எழுதியதைவிட ஓர் எட்டு கீழே ஒலிக்கும் என்பதால் கீபோர்டின் இடக்கை எழுதிய உயரத்திலேயே பாஸை வாசித்தாக வேண்டும். செல்லோ அளவுக்கு வராது. மெதுவான அங்கத்தில் அந்தக் குறை காதில் படும்.

கீபோர்டில் ஹார்ப்சிகார்டு ஒலியைத் தேர்ந்து, ட்ரான்ஸ்போஸை ஒன்று குறைத்தால் சரியாக 415 வரும். சில கீபோர்டுகளில் வெர்க்மைஸ்டர் போன்ற பழைய சுருதிப் பகுப்பு இருக்கும். ட்ரான்ஸ்போஸ் மாற்றும்போது அதன் ஆதார ஸ்வரமும் சேர்ந்து நகர்கிறதா என்று சி, ஜி, டி கார்டுகளைப் பிடித்துச் சோதியுங்கள். நகரவில்லை என்றால் இனிமையாக ஒலிக்க வேண்டிய கார்டுகள் கரகரக்கும். அப்போது சாதாரணப் பகுப்பே மேல். பாஸ் ஸ்வரங்களின் மேல் எழுதிய எண்கள் கார்டுகளைக் குறிப்பவை. 6 என்றால் மூன்றாம், ஆறாம் ஸ்வரங்கள், 7 என்றால் மூன்றும் ஐந்தும் ஏழும். தனி வயலின் ஓடும் இடத்தில் கார்டுகளைக் குறைத்து, குழு சேரும் இடத்தில் நிறைத்து வாசிப்பதே நடைமுறை.

ஒலிப்பதிவுக்கு இடம்: 1826இல் கட்டிய பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் போல உயர்ந்த கூரையுள்ள ஆலயங்கள் மெதுவான அங்கத்துக்கு அற்புதமாக ஒத்துழைக்கும், வேகமான அங்கத்தைக் குழப்பும். உள்ளே நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். ஒலி அடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனால் மைக்கை நெருக்கமாக வையுங்கள், வேகத்தையும் சற்றுக் குறையுங்கள். கல்யாண மண்டபம் வேண்டாம். எதிரெதிர் வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஒலி படபடக்கும். எங்கே ஆனாலும் இரவு பத்துக்கு மேல்தான் பஸ் இரைச்சலும் ஒலிபெருக்கியும் ஓயும். ஃபேனை நிறுத்த வேண்டும், இதற்கு மாற்றே இல்லை. வெக்கையில் சுருதி இறங்கும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கும் (பதிவு முயற்சிக்கும்) முன்னால் கீபோர்டின் ஏ-வுக்கு எல்லோரும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரே மாதிரியான இரண்டு கண்டென்சர் மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகை விரித்து, ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றிரண்டு அடி உயர்த்தி, குழுவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைப்பது நம்பகமான தொடக்கம். தனி வயலின்காரரை நடுவில் ஒரு காலடி முன்னால் நிறுத்தினால் அவருக்கென்று தனி மைக் தேவைப்படாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்; உச்ச ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பல நேரம் ‘ம்ம்’ என்ற மின் இரைச்சல் மறையும். போனில் பதிவதாக இருந்தால் ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க முடிகிற செயலியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் மெல்லிய இடமும் பலத்த இடமும் ஒரே அளவாகிவிடும். முழு அங்கத்தையும் இரண்டு முறை வாசித்துவிட்டு, பிறகு தப்பிய இடங்களை மட்டும் எடுக்கலாம். இரண்டு டேக்குகளை ஒட்டும் இடம் விழ வேண்டியது குழு வந்து முடிக்கும் ஓய்வில், தனி வயலின் ஓட்டத்தின் நடுவில் அல்ல. கிளிக் (தாளம் தட்டும் இயந்திர ஒலி) வைத்து வாசிக்காதீர்கள். முதல் டேக்கின் வேகத்தை மட்டும் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வெளியிடும்போது இயற்றியவர் பெயரில் எச்சரிக்கை வேண்டும். மேலுறையில் எழுதிய பெயர் எப்போதும் உண்மையல்ல. இசையமைப்பாளர் கலுப்பி இயற்றியதாக டிரெஸ்டனில் நெடுங்காலம் இருந்த ‘தீக்ஸித் தோமினுஸ்’ என்ற ஆலயப் பாடல் விவால்டியுடையது என்று 2005இல்தான் தெரிந்தது. வெனிஸ் படியெழுத்தாளர் பெயரை மாற்றி விற்றிருக்கிறார். அல்பினோனியின் அடாஜியோ என்று உலகமே கேட்பது 1958இல் இத்தாலிய இசை ஆய்வாளர் ஜியாசொட்டோ வெளியிட்டது. டிரெஸ்டனில் கிடைத்த துண்டிலிருந்து எடுத்ததாக அவர் சொன்னார், அந்தத் துண்டை யாரும் காட்டவில்லை. விவால்டி பெயரில் தான் வாசித்துவந்த சி மேஜர் கான்செர்ட்டோ தன் சொந்தச் சரக்கு என்று வயலின் மேதை கிரைஸ்லர் 1935இல் ஒப்புக்கொண்டார். ஆகவே பெயரில்லாததைப் பெயரில்லாததாகவே வெளியிடுங்கள். தலைப்போடு நூலகத்தின் பெயரையும் கைப்படியின் முழு அடையாள எண்ணையும், நீங்கள் மாற்றிய பார்கள் எவை என்பதையும் எழுதுங்கள்.

உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. இந்தியச் சட்டப்படி இயற்றியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் படைப்பு பொதுவுடைமை. இவர்கள் இறந்து இருநூற்றைம்பது ஆண்டாகிறது. கைப்படியிலிருந்து நீங்களே படியெடுத்தது என்பதால் எந்தப் பதிப்பகத்தின் அச்சுப் பதிப்பும் இதில் குறுக்கே வராது. யூடியூபில் தானியங்கி முறை வேறொருவரின் பதிவு என்று தவறாகச் சொந்தம் கொண்டாடினால், அடையாள எண்ணையும் உங்கள் மியூஸ்ஸ்கோர் கோப்பையும் காட்டி மறுப்புக் கொடுங்கள். முதல் ஸ்வரங்களைத் தேடும்போது உங்கள் பெயரில்லாக் கான்செர்ட்டோ வேறொரு நூலகத்தில் பெயரோடு இருப்பது தெரியவந்தால், இரண்டு அடையாள எண்ணையும், எந்தெந்த அங்கம் பொருந்துகிறது, எங்கே வேறுபடுகிறது என்ற விவரத்தையும் சேர்த்து ரிஸ்ம் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் வாசகர்களின் திருத்தங்களை ஏற்றுக்கொள்கிறார்கள்.